மீதம்: 0.51 ஜூல்

பொறி எங்கள் வீட்டுடையது.
காலை பத்து மணிக்குத்தான் விடியும்
பூந்தா அரேனாஸின் ஜூன் மாதத்தில்
எரிவாயுக் கணப்புக்குப் பின்னால்
ஒரே ஒருமுறை வேலை செய்திருக்கிறது.
பலகையில் காசளவு கறை.
மரத்தின் நிறம் என்றேன் நெவென்காவிடம்.
முகர்ந்து பார்த்துவிட்டு
பொய் என்றாள்.

அவள் கொண்டுவந்தது:
அப்பா கேட்டுச் சலித்த நான்கு குறுந்தட்டுகள்,
சால்மன் ஆலையில் அம்மா பெட்டி கட்டும் நைலான் நூல்,
அண்ணனின் சைக்கிளிலிருந்து
அவனுக்குத் தெரியாமல் கழற்றிய ஒரு கம்பி.
வழுக்காமலிருக்கத் தட்டுகளின் விளிம்புக்குப்
பலூனைக் கத்தரித்து மாட்டினோம்.
இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள்,
நான்காவதில் யாருடையதோ
பிறந்தநாள் வாழ்த்தில் பாதி.

முதல் ஓட்டம் மூன்று மீட்டர்.
பொறியின் சொந்தக் கை, நாலரை சென்டிமீட்டர்.
பட்டென்று அடித்தது.
சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கிறுகிறுத்தன,
ரப்பர் கருகி நாறியது.
கழுத்தை முறித்தே பழகிய கை
தள்ளிவிடத் தெரியாமல் தடுமாறியது.

சைக்கிள் கம்பியைக் கட்டிக்
கையை இருபத்தெட்டுக்கு நீட்டினோம்.
சுருள்வில் அதே சுருள்வில்,
முறுக்கியதும் அதே அரைவட்டம்.
இப்போதோ
கிளம்ப மனமில்லாத விருந்தாளி
நாற்காலியை விட்டு எழுவதுபோல
எழுந்தது கம்பி.
நூல் ஒரு முழத்துக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாக,
அச்சிலிருந்து பிரிந்துகொண்டே வர
வண்டி போனது.

கையிருப்பு 0.63 ஜூல்.
ஒரு முட்டையைத் தரையிலிருந்து எடுத்து
இடுப்புயரத்தில் வைக்க ஆகும் செலவு.
அதை வைத்துக்கொண்டு
வேதியியல் கூடம் தாண்டி
தண்ணீர்க் குழாய் தாண்டி
பத்து மீட்டர் முப்பது ஓடி
சுவருக்கு இரண்டு விரற்கடை முன்னால்
தானாக நின்றது.
நெவென்கா கத்திய கத்தலில்
ஒன்பதாம் வகுப்புக் கதவு திறந்து மூடியது.

நூல் விடுபட்ட நொடியில் வேகம் 1.3.
வர்க்கமாக்கி, நிறையால் பெருக்கி, பாதியாக்க
0.12.
ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.
ஏழுக்கு ஐந்து புள்ளி இரண்டு போட்டு
சிவப்பு மையில் ஆசிரியை பர்ரியா:
மீதி எங்கே?

உராய்வு என்றுதான் எழுதியிருந்தோம்.
எல்லோரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பள்ளி காலியான பிறகு திரும்பப் போனோம்.
ஜலசந்தியின் காற்று கதவிடுக்கில் நுழைந்து
எதிரே நின்று தள்ளுவதைக் கண்டுபிடித்து
என் கம்பளிக் கழுத்துப்பட்டியால் அடைத்தோம்.
அச்சைத் தொட்டால் சூடில்லை.
சுழலும் சக்கரத்துக்கும் ஒரு பங்கு உண்டு,
அதைக் கணக்கில் விட்டிருக்கிறோம், சரி,
அதுவும் பைசாதான்.
விளக்கை அணை என்றாள் நெவென்கா.
தரையில் காது வைத்துப் படுத்துக்கொண்டாள்.
விட்டேன்.
இருட்டில் வலப்பக்கச் சக்கரம்
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச்.
எண்ணினோம். பதினேழாவதில்
தரை துடைக்க வந்த ஒலேகாரியோ
துடைப்பானைத் தூக்கிப்பிடித்து
அது கடந்துபோகும்வரை
ஒற்றைக் காலில் நின்றார்.
ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அறிக்கையில் சேர்த்தது:
சத்தம். கேட்டது. அளக்கவில்லை.

வீட்டில் அம்மா கேட்டாள், பொறி எங்கே.
பள்ளிக்கூடத்தில், மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறது என்றேன்.
வேறொன்று வாங்கி வா என்றாள்.
சரி என்றேன். கடை மூடியிருந்தது.
மறுநாள் கடை திறந்திருந்தது, நான் போகவில்லை.

இரவு, கணப்புக்குப் பின்னால்
ஒரு சுரண்டல்.
பிறகு சமையலறை நீளத்துக்கும்
நகங்கள்.
நிறை இருபது கிராம் இருக்கலாம்,
வேகம் நொடிக்கு இரண்டு மீட்டர்.
போர்வைக்குள் கணக்குப் போட்டேன்:
0.04 ஜூல்.

எழுந்துபோய் அறிக்கையில் எழுதவா என்று யோசித்தேன்.
குளிராக இருந்தது.
அது திரும்பவும் ஓடியது,
இந்தமுறை எதிர்த்திசையில்.